ரேட்டு தெரியும், சரி... சரக்கு பார்க்கத் தெரியுமா?

டிஸ்கி: இது பணம் கட்டி ஆடுறவங்களுக்கான டிப்ஸ் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டு வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துக்குப் பிறகு பணம் வைத்து ஆடும் ஃபேன்டசி போட்டிகளுக்கு இந்தியாவில் தடை. ட்ரீம்11 கூட அந்த மாதமே பணப் போட்டிகளை நிறுத்திவிட்டது. இங்கே பேசப்போவது பத்து நண்பர்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு டீம் பிரித்து, கடைசியில் தோற்றவன் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தருகிற ஆட்டத்தைப் பற்றி மட்டும்.

சரி, மேட்டருக்கு வரலாம்.

ஐபிஎல் சீசன் வந்தால் போதும், காலேஜ் பசங்க பத்துப் பேர் சேர்ந்து டிராஃப்ட் நடத்துவார்கள். சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். முதல் ஆள் ஒரு வீரரை எடுத்தால் அவர் வேறு யாருக்கும் கிடையாது. அடுத்தவன், அதற்கடுத்தவன் என்று பத்தாவது ஆள் வரை போய், இரண்டாவது சுற்றில் பத்தாவது ஆளிடமிருந்து திரும்பி வரும். பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவதால் இதற்குப் பெயர் ஸ்நேக் டிராஃப்ட். எல்லாரும் ஆடத் தெரிந்தவர்கள்தான், எல்லாரும் மேட்ச் பார்ப்பவர்கள்தான். ஆனால் டிராஃப்ட் ஆரம்பித்ததும் பாருங்கள், பத்துப் பேரில் ஏழு பேர் கையில் ஒரு லிஸ்ட் இருக்கும். மற்ற டிராஃப்ட்டுகளில் எந்த வீரர் சராசரியாக எத்தனையாவதாகப் போனார் என்கிற லிஸ்ட். லிஸ்டில் மேலே இருப்பவர் இன்னும் போகவில்லையா? எடு. அவ்வளவுதான் யோசனை!

இந்த லிஸ்டுக்கு அமெரிக்காவில் ஆவரேஜ் டிராஃப்ட் பொசிஷன் என்று பெயர். சுருக்கமாக ஏ.டி.பி. அவர்கள் ஊர் ஃபுட்பாலுக்கு (முட்டை வடிவப் பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) ஃபேன்டசி ஆட்டம் உருவானது 1962-ல். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் என்பவரும் கூட்டாளிகளும் யோசித்தது. முதல் டிராஃப்ட் 1963-ல் நடந்தது. அப்போது ஏ.டி.பி. எல்லாம் கிடையாது, தலைக்குள் இருந்ததுதான் லிஸ்ட். இன்டர்நெட் வந்து ஆயிரக்கணக்கான டிராஃப்ட்டுகள் ஒரே தளத்தில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் "சராசரியாக இவர் எத்தனையாவது" என்று கணக்குப் போட முடிந்தது.

கணக்குப் போட்டது தப்பில்லை, நல்ல விஷயம்தான். அந்தக் கணக்கைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் தப்பு. ஏ.டி.பி. என்பது ஒரு ஆளின் விலை. ஆளின் மதிப்பு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிற பழக்கத்தைத்தான் இங்கே போட்டுத் தாக்க வேண்டியிருக்கிறது.

மண்டிக்காரர் இப்படி வாங்குவாரா?

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருப்பவர் யாரையாவது பாருங்கள். துவரம்பருப்பு நேற்று என்ன ரேட்டுக்குப் போனது என்று அவருக்குத் தெரியும். காலையில் முதல் போன் அதற்குத்தான். ஆனால் ரேட்டு தெரிந்துவிட்டது என்பதற்காக மூட்டையைப் பிரிக்காமல் வாங்குவாரா? குத்தூசியை மூட்டைக்குள் விட்டு, உள்ளே இருந்து ஒரு கை எடுத்து, நிறம் பார்த்து, வண்டு பார்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். இதே பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் நடக்கிறது. எடை மட்டும் பார்த்து யாராவது கொலுசு வாங்குவார்களா? "டச் எவ்வளவு?" என்றுதான் முதல் கேள்வி வரும். எத்தனை சதவீதம் வெள்ளி என்று தெரியாமல் எடையை வைத்து என்ன செய்வது?

ரேட்டு ஊருக்குப் பொது. சரக்கு மூட்டைக்கு மூட்டை வேறு. ரேட்டு தெரிந்தவன் ஏமாறாமல் வாங்கலாம். சரக்கும் தெரிந்தவன்தான் லாபம் பார்க்கலாம். இது மூன்றாம் தலைமுறை மண்டிக்காரருக்குப் பாடம் நடத்தாமலே தெரியும். பி.காம். படிக்கிற பையனுக்கு மட்டும் டிராஃப்ட் நேரத்தில் மறந்துவிடுகிறது.

"ஊரே சொன்னா தப்பா இருக்குமா?"

ஏ.டி.பி. பக்தர்களின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொல்வது இதுதான். "ஒருத்தன் மூளையைவிட ஆயிரம் பேர் மூளை பெருசு. ஆயிரம் பேர் சேர்ந்து முடிவு பண்ணின வரிசையை நீ ஒருத்தன் மாத்தப் போறியா?"

இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் பழையது, நிஜமானது. 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் ஊர்ச் சந்தையில் ஒரு மாட்டைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை வரும் என்று போட்டி வைத்தார்கள். 787 சீட்டுகளை எடுத்து ஃபிரான்சிஸ் கால்டன் கணக்குப் போட்டார். நிஜ எடை 1198 பவுண்டு. ஊகங்களின் நடு எண் 1207. சராசரி 1197. ஒரு பவுண்டுதான் வித்தியாசம்! கூட்டத்தின் அறிவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் அந்தச் சந்தையில் ஒரு விஷயம் இருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சீட்டு எழுதிப் போட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் என்ன எழுதினான் என்று பார்த்து எழுதவில்லை. அதனால் ஒருவனுடைய அதிகப்படியும் இன்னொருவனுடைய குறையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போயின.

டிராஃப்ட்டில் நடப்பது நேர் எதிர். தளத்தைத் திறந்ததும் அந்தத் தளமே போட்ட வரிசை கண் முன்னால் நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் எடுக்கிறார்கள். நேரம் முடிந்தால் கம்ப்யூட்டரே அந்த வரிசைப்படி எடுத்துக் கொடுக்கிறது. அப்படி எடுத்ததை எல்லாம் கூட்டி வகுத்து ஏ.டி.பி. வருகிறது. அந்த ஏ.டி.பி.யைப் பார்த்து அடுத்த ஆயிரம் பேர் எடுக்கிறார்கள். அது மறுபடி சராசரிக்குள் போகிறது. ஆயிரம் பேர் யோசித்தது மாதிரி தெரியும். நிஜத்தில் யோசித்தது நாலு பேர், மற்ற எல்லாரும் ஜெராக்ஸ் எடுத்தவர்கள். கால்டன் மாட்டுக்கு முன்னால் "1400 பவுண்டு" என்று ஒரு போர்டு வைத்திருந்தால் அந்தச் சராசரி என்ன ஆகியிருக்கும்?

பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. 1936-ல் வந்த தன் புத்தகத்தில் கெய்ன்ஸ் ஒரு பத்திரிகைப் போட்டியைச் சொல்லுவார். நூறு முகங்களில் அழகான ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெரும்பாலோர் தேர்ந்தெடுத்த முகங்களோடு ஒத்துப்போனவருக்குப் பரிசு. அங்கே யாரும் தனக்கு அழகாகத் தெரிந்த முகத்தை எடுக்க மாட்டார்கள். அடுத்தவன் யாரை அழகு என்பான் என்று யோசிப்பார்கள். அப்புறம், அடுத்தவன் என்ன யோசிப்பான் என்று யோசிப்பார்கள். கடைசியில் முகத்தையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஷேர் மார்க்கெட்டைப் பற்றி அவர் சொன்னது டிராஃப்ட்டுக்கு அப்படியே பொருந்தும்.

சராசரி மறைப்பது என்ன?

கூட்டம் தனித்தனியாகவே யோசித்தது என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. செமஸ்டரில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கணக்கைப் பக்கம் பக்கமாகப் போட்டவர்கள் இதை ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடலாம்.

ஐந்து டிராஃப்ட்டுகளில் ஒரு வீரர் 18, 19, 20, 21, 22-வது இடங்களில் போனார். சராசரி 20. இன்னொரு வீரர் 4, 5, 6, 40, 45-வது இடங்களில் போனார். அவருக்கும் சராசரி 20. லிஸ்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முதல் ஆளைப் பற்றி ஊருக்கு ஒரே கருத்து. இரண்டாவது ஆளைப் பற்றி ஊரே சண்டை போடுகிறது. ஒரு முறைகூட அவர் 20-வது இடத்துக்குப் பக்கத்தில் போகவில்லை! "20" என்ற எண் அவரைப் பற்றிச் சொல்வது பூஜ்யம்.

அடுத்தது, யாருமே எடுக்காத டிராஃப்ட்டுகள். ஒரு பையனைப் பத்தில் இரண்டு டிராஃப்ட்டில் மட்டும் 70, 74-வது இடத்தில் எடுத்தார்கள், மற்ற எட்டில் சீண்டவே இல்லை என்று வையுங்கள். எடுத்த இடங்களை மட்டும் கூட்டி வகுத்தால் 72. எட்டு பேர் "வேண்டாம்" என்று சொன்னது அந்தக் கணக்கில் எங்கே போனது? பரீட்சைக்கு வராதவனை விட்டுவிட்டு வந்தவன் மார்க்கை மட்டும் கூட்டி கிளாஸ் ஆவரேஜ் சொல்கிற மாதிரிதான் இது.

மூன்றாவது, பழைய சரக்கு. சராசரியில் மூன்று வாரத்துக்கு முந்தைய டிராஃப்ட்டும் இருக்கும், நேற்றைய டிராஃப்ட்டும் இருக்கும். நடுவில் ஒரு பவுலருக்குத் தோள்பட்டையில் அடிபட்டால் நிஜ விலை ஒரே நாளில் விழுந்துவிடும். சராசரி விலை மட்டும் மெதுவாக ஆடி அசைந்து இறங்கும்.

நான்காவது, விதி. விக்கெட்டுக்கு அதிகப் புள்ளி தருகிற லீக்கில் உருவான லிஸ்டை, ரன்னுக்கு அதிகப் புள்ளி தருகிற லீக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? எட்டு பேர் ஆடும் லீக்கின் லிஸ்டைப் பன்னிரண்டு பேர் லீக்கில் பயன்படுத்தினால்? பக்கத்து ஊர் பஸ் டைம் டேபிளைப் பார்த்துக்கொண்டு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கதைதான்.

உச்சியில் இருந்தவர்கள் கதை

அமெரிக்க ஃபேன்டசி ஃபுட்பாலில் பெரும்பாலான தளங்களில் ஏ.டி.பி. முதலிடம் பிடித்தவர்களைப் பாருங்கள். 2022-ல் ஜொனாதன் டெய்லர். 17 ஆட்டத்தில் 11-தான் ஆடினார். 2023-ல் ஜஸ்டின் ஜெபர்சன். 10 ஆட்டம். 2024-ல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. நாலே நாலு ஆட்டம்! மூன்று வருஷம் வரிசையாக, ஊரே முதலில் எடுத்த ஆள் காயத்தில் உட்கார்ந்தார்.

இன்னொரு பக்கம், 2023-ல் புகா நகுவா என்ற பையன். நிஜ டிராஃப்ட்டிலேயே 177-வது ஆளாக எடுக்கப்பட்டவர். ஃபேன்டசி டிராஃப்ட்டுகளில் பெரும்பாலும் யாரும் எடுக்கவே இல்லை. அந்த சீசனில் 105 கேட்ச், 1486 யார்டு. முதல் வருஷ வீரர்களில் அதுவரை யாரும் தொடாத யார்டு கணக்கு அது.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். காயத்தை யாராலும் கணிக்க முடியாது. மூன்று உதாரணத்தை வைத்து "லிஸ்ட் முழுக்கப் பொய்" என்று சொன்னால் அதுவும் அரைவேக்காட்டுத்தனம்தான். மெக்காஃப்ரியை முதலில் எடுத்தவன் முட்டாள் இல்லை. இதிலிருந்து தெரிவது இவ்வளவுதான்: முதலிடம் என்பது உத்தரவாதம் இல்லை. அது ஒரு விலைச்சீட்டு. விலைச்சீட்டில் இருக்கிற எண் அளவுக்குச் சரக்கு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

சின்னப்பம்பட்டிக்காரர் ஒருவர் போதும்

அமெரிக்காவுக்கு எல்லாம் போக வேண்டாம். சேலம் ஜில்லாவிலேயே உதாரணம் இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன்.

ஐபிஎல் ஏலமும் ஒரு வகையில் ஏ.டி.பி. மாதிரிதான். பத்து டீம் முதலாளிகளும் அவர்களின் நிபுணர்களும் சேர்ந்து ஒரு ஆளுக்கு ஒரு எண் ஒட்டுகிறார்கள். அங்கே இடத்துக்குப் பதில் ரூபாய், அவ்வளவுதான் வித்தியாசம். 2017 ஏலத்தில் நடராஜனுக்கு அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் எடுத்தது 3 கோடிக்கு. அடுத்த வருஷம் 2018-ல் அதே மனிதரை ஹைதராபாத் எடுத்தது 40 லட்சத்துக்கு. 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். 2020-ல் அமீரகத்தில் ஆட விட்டார்கள். 16 விக்கெட். யார்க்கர் மேல் யார்க்கர். அந்த வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகப் போனவர், ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் அதே டூரில் அறிமுகமானார். ஒரே டூரில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான்.

இப்போது சொல்லுங்கள், 2017-ல் 3 கோடி பெறுமானமுள்ள கை 2018-ல் 40 லட்சமாக எப்படிச் சுருங்கியது? அதே இடது கை, அதே யார்க்கர். சுருங்கியது விலை. பார்த்தவர்களின் நம்பிக்கை. பிறகு 2022-ல் 4 கோடி. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி கொடுத்தது 10.75 கோடி. அந்த உச்ச விலைக்குப் போன 2025 சீசனில் அவருக்கு ஆடக் கிடைத்தது மிகச் சில ஆட்டங்கள்தான்! விலை குறைவாக இருந்தபோது சரக்கு அதிகம் கொடுத்தார், விலை ஏறியபோது ஆட வாய்ப்பே இல்லை. விலையை மட்டும் பார்த்து வாங்கியவன் இரண்டு முறையும் ஏமாந்திருப்பான்.

வருண் சக்கரவர்த்தி கதையும் இதே மாதிரி. 2019 சீசனுக்கான ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சம், போனது 8.4 கோடி. அந்த ஏலத்தின் உச்ச விலைகளில் ஒன்று. அந்த சீசனில் ஆடியது ஒரே ஆட்டம். அடுத்த ஏலத்தில் பாதிக்கும் கீழே, 4 கோடிக்கு கொல்கத்தா எடுத்தது. 2020-ல் 17 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டத்தில் 9 விக்கெட்.

கிறிஸ் கெய்லை 2011 ஏலத்தில் யாருமே வாங்கவில்லை என்று சொன்னால் இன்றைக்கு நம்புவார்களா? பெங்களூர் டீம் நடுவில் ஒரு ஆளுக்கு மாற்றாகக் கூப்பிட்டது. 608 ரன், ஆரஞ்சு கேப். 2023 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் 20 லட்சத்துக்கு எடுத்த ஷஷாங்க் சிங்கை நினைத்துப் பாருங்கள். ஏல மேஜையிலேயே இந்த ஆளா அந்த ஆளா என்று குழப்பம் நடந்தது. 2024-ல் 354 ரன் அடித்தார்.

"இப்படி ஜெயிச்ச நாலு பேரை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொன்னா ஆச்சா? 20 லட்சத்துக்குப் போய் ஒண்ணுமே பண்ணாதவங்க எத்தனை பேர்?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விலை குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் செய்ய மாட்டார்கள், உண்மை. அதனால்தான் "மலிவானவனை எல்லாம் எடு" என்று யாரும் சொல்லவில்லை. மலிவு என்பதும் விலைதான், அதுவும் மதிப்பு இல்லை. மூட்டையைப் பிரிக்காமல் அதிக ரேட்டுக்கு வாங்குவதும் தப்பு, பிரிக்காமல் சீப்பாகக் கிடைக்கிறதே என்று அள்ளுவதும் தப்பு. குத்தூசி இரண்டுக்கும் வேண்டும்.

அப்போ லிஸ்டைக் கிழித்துப் போடலாமா?

வேண்டாம். இங்கேதான் பாதிப் பேர் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். "ஊர் சொன்னா என்ன, எனக்குப் பிடிச்சவனை எடுப்பேன்" என்று மூன்றாவது சுற்றில் எடுக்க வேண்டிய ஆளை முதல் சுற்றில் எடுத்துவிட்டு உட்காருவார்கள். அதுவும் நஷ்டம்தான். ஏ.டி.பி. சொல்வது எப்போது எடுக்கலாம் என்று. யாரை எடுக்கலாம் என்பதை அது சொல்லாது.

ஏலச்சீட்டு போடுகிற வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். இந்த மாசம் பணம் அவசரம் என்றால் எவ்வளவு தள்ளிக் கேட்பது? அது தன் அவசரத்தை மட்டும் பொறுத்தது இல்லை. இந்த மாசம் வேறு யாருக்கு அவசரம் என்று பார்க்க வேண்டும். வேறு யாருக்கும் தேவை இல்லாத மாசத்தில் அடித்துப் பிடித்து அதிகமாகத் தள்ளிக் கேட்பவன் ஏமாளி. சீட்டு எடுப்பதா வேண்டாமா என்பது சொந்தக் கணக்கு. எவ்வளவு தள்ளுவது என்பது அடுத்தவன் கணக்கு. டிராஃப்ட்டும் அப்படியே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர் லீக். சீட்டுக் குலுக்கலில் ஆறாவது இடம் வந்திருக்கிறது. பாம்பு வரிசைப்படி முறை வருவது 6, 15, 26, 35-ல். 15-வது முறையில் உட்கார்ந்திருக்கும்போது மனதில் இரண்டு பேர். சொந்த லிஸ்டில் 'அ' என்பவருக்கு 12-வது இடம், ஊர் லிஸ்டில் அவர் 40. சொந்த லிஸ்டில் 'ஆ' என்பவருக்கு 14-வது இடம், ஊர் லிஸ்டில் 17.

ஊர் லிஸ்ட் பக்தன் 'ஆ'வை எடுப்பான். 'அ'வை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். லிஸ்டை மதிக்காதவன் 'அ'வை எடுப்பான். 26-வது முறை வருவதற்குள் 'ஆ' போய்விட்டிருப்பார். இரண்டும் தெரிந்தவன் என்ன செய்வான்? 15-ல் 'ஆ', 26-ல் 'அ'. 40-ல் போகிறவர் 26 வரை பெரும்பாலும் இருப்பார். இரண்டு பேரும் அவன் டீமில்! இதுதான் ஏ.டி.பி.யின் ஒரே உருப்படியான உபயோகம். அதிலும் வெறும் சராசரி போதாது. 'அ' சில டிராஃப்ட்டுகளில் 18, 20-லேயே போயிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். போயிருந்தால் காத்திருப்பது ரிஸ்க்.

ஆனால் இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை. சொந்த லிஸ்ட் என்று ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாதவனுக்கு ஏ.டி.பி. கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் எண்ணே இல்லையே!

சொந்த லிஸ்ட் போடுவது எப்படி?

இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அமெரிக்காவில் ஜோ பிரையண்ட் என்பவர் பிரபலப்படுத்திய ஒரு முறை இருக்கிறது. ஒரு வீரர் மொத்தம் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்பதை விட்டுவிட்டு, அவர் இல்லையென்றால் அந்த இடத்துக்குக் கடைசியாகக் கிடைக்கிற ஆளைவிட எவ்வளவு அதிகம் எடுப்பார் என்று பார்ப்பது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்.

உதாரணத்துக்குப் பத்துப் பேர் லீக்கில் ஆளுக்கு ஒரு கீப்பர், இரண்டு ஆல்ரவுண்டர், மூன்று பேட்ஸ்மேன் என்று விதி. முதல் கீப்பர் 520 புள்ளி, பத்தாவது கீப்பர் 450 புள்ளி எடுப்பார்கள் என்று கணித்தால் வித்தியாசம் 70. முதல் ஆல்ரவுண்டர் 600, இருபதாவது ஆல்ரவுண்டர் 380. வித்தியாசம் 220. முதல் பேட்ஸ்மேன் 640, முப்பதாவது பேட்ஸ்மேன் 470. வித்தியாசம் 170. மொத்தப் புள்ளியில் பேட்ஸ்மேன்தான் முதலிடம். ஆனால் முதலில் எடுக்க வேண்டியது ஆல்ரவுண்டரை. கீப்பரைக் கடைசியில் எடுத்தால்கூடப் பெரிய நஷ்டம் இல்லை. சொந்த லீக்கின் விதியைப் போட்டால்தான் இந்த விடை வரும். வேறு எவனோ வேறு விதியில் ஆடிய சராசரியில் இது வராது.

தேவை ஒரு நோட்டு, கடந்த இரண்டு மூன்று சீசன் கணக்கு, யார் எந்த ஓவர் போடுவார், யார் எந்த இடத்தில் இறங்குவார் என்கிற விவரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்த ஒரு மதியத்தைச் செலவு பண்ணச் சோம்பல்பட்டுத்தான் லிஸ்டின் காலில் விழுகிறார்கள்.

விளையாட்டுக்குத்தானே... விடுங்களேன்?

தட்டுவடை செட்டோடு போகிற விஷயமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் பழக்கம் அதோடு நிற்பதில்லை.

2022 மே மாசம் எல்ஐசி பங்கு வந்தது. "எல்லாரும் போடுறாங்க" என்பதுதான் பாதி வீடுகளில் காரணம். ஏறக்குறைய மூன்று மடங்கு விண்ணப்பம். வெளியீட்டு விலை 949 ரூபாய். மும்பை சந்தையில் முதல் நாள் ஆரம்பித்ததே 867-ல். பேலன்ஸ் ஷீட்டைப் பிரித்துப் பார்த்தவன் எத்தனை பேர்? கிரே மார்க்கெட்டில் என்ன பிரீமியம் ஓடுகிறது என்று கேட்டவன் எத்தனை பேர்? கிரே மார்க்கெட் பிரீமியமும் ஒரு ஏ.டி.பி.தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

நாமக்கல் பண்ணைக்காரரைக் கேளுங்கள். முட்டைக்கு என்.இ.சி.சி. அறிவிக்கிற விலை ஒன்று. வியாபாரி "மைனஸ்" போட்டுக் கேட்கிற விலை இன்னொன்று. அறிவித்த விலையை வைத்து வரவு எழுதிக்கொண்ட பண்ணைக்காரர் யாராவது உண்டா? தீவனம் என்ன விலை, ஒரு முட்டைக்கு அடக்கம் என்ன ஆகிறது என்று சொந்தக் கணக்கு வைத்திருப்பவர்தான் தாக்குப் பிடிக்கிறார்.

லிஸ்டைப் பார்த்து எடுத்துத் தோற்றால் ஒரு சௌகரியம் உண்டு. "எல்லாரும்தான் அவனை எடுத்தாங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரோடு தோற்றால் வலிக்காது. சொந்தமாக யோசித்துத் தோற்றால்தான் நாலு பேர் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இரண்டு சீசன் ஒரு யார்க்கர்காரரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்களோ என்னவோ. விலை குறைந்த ஆளை ஆட வைத்துத் தோற்றால் கேள்வி வரும், விலை அதிகமான ஆளை வைத்துத் தோற்றால் வராது. அந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுப்பது எப்போதும் பெஞ்சில் இருக்கிறவன்தான்.

நாளைக்கு இதே பசங்கதான் பேங்க்கில் லோன் பேப்பர் பார்க்கப் போகிறார்கள், கம்பெனியில் ஆள் எடுக்கப் போகிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் எந்த ஊர், எந்தக் காலேஜ், போன இடத்தில் என்ன சம்பளம் என்று விலைச்சீட்டை மட்டும் படித்துவிட்டு முடிவு பண்ணினால், எத்தனை சின்னப்பம்பட்டிகள் பெஞ்சிலேயே முடிந்து போகும்?

ஆகவே மக்களே, அடுத்த டிராஃப்ட்டுக்கு லிஸ்டைக் கொண்டு வாருங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டு லிஸ்ட் கொண்டு வாருங்கள். ஒன்று ஊர் போட்டது, ஒன்று சொந்தமாகப் போட்டது. முதலில் எழுத வேண்டியது சொந்த லிஸ்ட். ஊர் லிஸ்டை அதை எழுதி முடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் ஆட்டம் இருக்கிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போனால் நீங்கள் யோசிக்கவில்லை, காப்பி அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம் :-)